ஆளுக்கொரு ராத்திரி

பசு திமிறவில்லை. கதிரேசனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

ஊசியைக் கண்டாலே உதைக்கும், கிட்டே போனவனை முட்டித் தள்ளும் என்று பசுவின் சொந்தக்காரி பெருமாயி முன்பே எச்சரித்திருந்தாள். வழக்கமாக மாடுகளைக் கட்டிப் பிடிக்கிற உதவியாளர் சின்னுசாமி, ராசிபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். கால்நடை ஆய்வாளரான கதிரேசன் வேறு வழியில்லாமல் தானே கயிற்றை எடுத்தான். பசுவின் முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கொட்டகைத் தூணோடு கட்டினான். கட்டினானா? கை கட்டியது என்று சொல்ல வேண்டும். கயிறு ஒருமுறை மேலே போய், ஒருமுறை தன்னையே சுற்றி, எங்கோ புகுந்து வெளியே வந்தது. அவ்வளவுதான். அந்த நொடியில் பசு தலையைத் தாழ்த்தியது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. ஊசி ஏறும்போது காதைக்கூட அசைக்கவில்லை.

"சாதுவான மாடுதானே இது?" என்றான் கதிரேசன்.

பெருமாயி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டை அவிழ்க்கக் குனிந்தபோது அவனுக்கு வழி தெரியவில்லை. நுனி எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. இழுத்தால் இறுகியது. பசுவின் கால் ரோமங்கள் கயிற்றுக்குள் நெரிந்தன. பெருமாயி அவனை ஒதுக்கிவிட்டு, இடுப்பிலிருந்த மிளகு அறுக்கும் கத்தியால் கயிற்றை வெட்டினாள். வெட்டிய துண்டுகளை விரல் நுனியால் பொறுக்கி, அடுப்பில் போட்டாள்.

"சார் எந்த ஊருங்க?"

"முசிறிப் பக்கம்."

"மலையப் பாத்த ஊரா?"

"எங்க வீட்டு வாசல்ல நின்னா இந்த மலை நீலமாத் தெரியும். ஏன்?"

"ஒன்னுமில்லீங்க. சும்மாதான் கேட்டேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "அடுத்த ஊசிக்குச் சின்னுசாமியண்ணன அனுப்புங்க. நீங்க வரவேண்டாமுங்க."

மலைமேல் குண்டனி நாட்டில் கதிரேசன் வேலை பார்த்த கால்நடை மருந்தகமும், அதை ஒட்டி அவன் தங்கியிருந்த குவார்ட்டர்ஸும் இருந்த இடம் ஒரு காலத்தில் காபித் தோட்டமாம். இப்போது சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகளும்தான். மார்கழி பிறந்ததிலிருந்து மத்தியானம் தாண்டினாலே பனிமூட்டம் மரங்களுக்கிடையில் இறங்கி, சாயந்திரத்துக்குள் ஜன்னல் கம்பிவரை வந்து நின்றுவிடும். அதன் கூடவே ஒரு வாடையும் வரும். ஈரமான காபிக் கட்டை எரிகிற புகை, அதற்கடியில் நிறைய மனிதர்கள் ஒரே இடத்தில் நெருக்கிப் படுத்த வியர்வை. தனியாக வசிப்பவன் வீட்டில் அந்த வாடைக்கு என்ன வேலை என்று கதிரேசன் ஜன்னலைச் சாத்துவான். சாத்திய பிறகு வாடை கூடும்.

அப்புறம் அந்தச் சத்தம். படுத்துக் கண்ணை மூடியதும், அறையின் அந்தக் கோடியில் யாரோ புரண்டு படுப்பதுபோல ஒரு சரசரப்பு. உடனே அடுத்து ஒன்று. அடுத்து இன்னொன்று. ஒருவர் புரள, பக்கத்தில் இருப்பவரும் புரண்டே ஆகவேண்டும் என்பதுபோல அந்தச் சரசரப்பு வரிசையாக அறை முழுக்க நகர்ந்து வந்து, அவன் காலடியில் நிற்கும். எழுந்து விளக்கைப் போட்டால் சிமென்ட் தரை. எலி என்று சொல்லிக்கொண்டான்.

பெருமாயி வீட்டுக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து காலையில் முடிச்சுகள் தென்பட ஆரம்பித்தன. ஜன்னல் திரையின் நாடாவில் ஒன்று. கொசுவலையின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று. மாடுகளுக்குக் குளுகோஸ் ஏற்றும் ரப்பர் குழாயில், காயத்துக்குக் கட்டும் துணிச்சுருளில், துணி காயப்போடும் கொடியில் சாண் விட்டுச் சாண். எல்லாம் ஒரே முடிச்சு. ஒன்றையும் அவிழ்க்க முடியவில்லை. அவன் விரல் நுனிகள் சிவந்து, கயிறு உரசிய எரிச்சலோடு இருந்தன.

கதிரேசன் வீட்டு ஆண்கள் முடிச்சுப் போடுவதில்லை. அது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவன் அப்பா கன்றுக்குட்டியைக் கட்டக்கூட பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவார். தொட்டில் கட்டுவது, மூட்டை கட்டுவது எல்லாம் பெண்கள். கல்யாணத்தன்று கதிரேசன் தாலியைச் சுகுணாவின் கழுத்தில் வைத்துப் பிடித்ததோடு சரி. மூன்று முடிச்சையும் அவன் அக்கா அருள்மொழிதான் போட்டாள். "அப்ப நான் உங்க அக்காவுக்குத்தான் பொண்டாட்டி" என்று சுகுணா இன்றைக்கும் சண்டை வரும்போதெல்லாம் குத்திக்காட்டுவாள். ஏன் இப்படி என்று கேட்டால் அப்பாவுக்கும் தெரியாது. "நம்ம வீட்டு ஆம்பளைக் கைக்கு ஆகாதுடா" என்பார். அவ்வளவுதான். கண்ணெதிரே நின்ற இந்த மலைக்கு ஒரு ஆடித் திருவிழாவுக்குக்கூட அவர் வந்ததில்லை.

ஆண்களுக்குத்தான் ஆகாது. நல்லவேளை, எனக்குப் பையன் இல்லை என்று கதிரேசன் நினைத்துக்கொண்டான். மோனிஷா பெண் பிள்ளை. அந்த ஒரு நினைப்புதான் அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் சாயந்திரம் சுகுணா போன் செய்தாள்.

"ஏங்க, அரையாண்டு லீவு விட்டாச்சு. நாளைக்கு நானும் பாப்பாவும் கிளம்பி வர்றோம்."

"வேண்டாம் சுகுணா. இங்க பனி ரொம்ப. பாப்பாவுக்குச் சளி பிடிக்கும்."

"ஸ்வெட்டர் வாங்கியாச்சு. என்ன, வரவேண்டாங்கறீங்க? அங்க எவளாச்சும் இருக்காளா?" என்று சிரித்தாள்.

"அப்பா, மலையில குரங்கு இருக்குமா?" மோனிஷா போனைப் பிடுங்கியிருந்தாள். "நம்ம வீட்டுக்குள்ள வருமா? நான் புடிச்சுக் கட்டி வச்சுக்கட்டுமா?"

"பாப்பா, அம்மாகிட்ட போனக் குடு. சுகுணா, நான் சொல்றதக் கேளு..."

சிக்னல் போய்விட்டது. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல், தண்ணீர்த் தொட்டி, மருந்தகத்துப் படி என்று அலைந்தான். பனிமூட்டம் கைபேசியின் வெளிச்சத்தைத் தின்றது. திரும்பி வந்தபோது கையில் கைபேசியோடு ஒரு கயிறும் இருந்தது. எங்கே எடுத்தான் என்று தெரியவில்லை.

மறுநாள் சுகுணாவின் போன் அணைந்தே கிடந்தது. கீழே காளப்பநாயக்கன்பட்டிக்கே போய், மலை பஸ் ஏறுவதற்குள் இருவரையும் மடக்கித் திருப்பி அனுப்பிவிடுவது என்று பைக்கை எடுத்தான். கிளம்பும்முன் சட்டைப்பை, பைக் பெட்டி எல்லாம் தடவிப் பார்த்தான். கயிறு எதுவும் இல்லை. சோளக்காட்டைத் தாண்டியது நினைவிருக்கிறது. முதல் வளைவு நினைவிருக்கிறது. காற்றில் காபிப் புகை வாடை வந்ததும் நினைவிருக்கிறது.

அப்புறம் ஒரு கூச்சல்.

"சார்! சார்! நாந்தானுங்க! பெருமாயி! கைய உடுங்க சார்!"

கதிரேசன் ரோட்டோரப் பாறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பைக் புதரில் சாய்ந்து கிடந்தது. பாறைக்குக் கீழே குறுக்குப் பாதை ஒன்று பனிமூட்டத்துக்குள் இறங்கியது. அந்த வழியாகக் கிழங்குக் கூடையோடு இறங்க வந்த பெருமாயியின் மணிக்கட்டு அவன் இடது கையில் இருந்தது. வலது கையில் ஒரு காட்டுக்கொடி. அது அவள் கையை ஒரு சுற்று சுற்றி, தன்னையே சுற்றி, புகுவதற்குத் தயாராக இருந்தது. கூடை கவிழ்ந்து குச்சிக்கிழங்கு பாதையெங்கும் உருண்டிருந்தது.

அவன் கையை உதறினான். கொடியைத் தூக்கி எறிந்தான். அழுகை முட்டியது.

"எனக்குத் தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. என்னது இது? உங்களுக்குத் தெரியும். அன்னைக்கே முடிச்சைப் பாத்தீங்களே!"

பெருமாயி எட்டி நின்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். ஓடிவிடலாமா என்று பாதையைப் பார்த்தாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவள்போல, நின்றபடியே சொன்னாள்.

"இங்க காபி நட்ட காலத்துல, காடு வெட்டறதுக்குக் கீழ இருந்து ஆளுங்கள வெலைக்கு வாங்கியாந்தாங்களாமுங்க. மாட்ட விக்கறாப்பல மனுசங்கள வித்துருக்காங்க. காச்சல்ல பாதிப் பேரு செத்தாங்க. மிச்சம் இருந்தவங்க ஓடப் பாத்தாங்க. ஓடக்கூடாதுன்னு ராத்திரியில கொட்டாயில வரிசையாப் படுக்கப்போட்டு, அத்தன பேரு கணுக்காலயும் ஒரே கயித்துல கட்டிப்புடுவாங்க. ஒருத்தரு பொரண்டா எல்லாரும் பொரளோணும்."

கதிரேசனுக்கு அறையில் கேட்கும் அந்தச் சரசரப்பு நினைவுக்கு வந்தது.

"ஓடறவங்களப் புடிக்க ஒருத்தன் இருந்தானுங்க. கட்டுக்காரன்னு சொல்லுவாங்க. வேத்து ஆளில்ல, அவனும் வாங்குன ஆளுதான். இந்தப் பாறையிலதான் குந்தியிருப்பானாம். அவன் கட்டுனா மாடா இருந்தாலும் மனுசனா இருந்தாலும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பொறகால வரும். அவனுக்கு ஒரு புள்ள. ஒரு ஆளப் புடிச்சாந்தா, ஒரு ராத்திரிக்கு அந்தப் புள்ளைக்கு மட்டும் கட்டு இல்ல. அதான் பேச்சு."

"எத்தனை பேரைப் புடிச்சான்?"

"புள்ள தெனமும் தூங்கோணுமில்லீங்களா சார்?"

பனிமூட்டத்துக்குள் எங்கோ ஒரு லாரி முக்கியபடி வளைவு ஏறியது. பெருமாயி கிழங்குகளைப் பொறுக்கவில்லை. கூடையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அவன் சம்சாரமே ஒரு நா ஓடிட்டா. அன்னைக்கும் அந்தப் புள்ள கட்டில்லாமத்தான் தூங்குச்சு."

கதிரேசன் எழ முயன்றான். "என் சம்சாரம் இன்னைக்கு வர்றா. பஸ் ஏறியிருப்பா. நான் கீழ போகணும்."

"போவ முடியாது சாமி. அந்தப் புள்ள பொறகு கீழ எறங்கி மலையப் பாத்த ஊருல குடியேறிருச்சு, அந்த வம்சந்தானுங்க நீங்க. உங்க காலு இந்தப் பாறையத் தாண்டாது. ரோட்டுல நிக்காதீங்க. ஊட்டுக்குப் போயிக் கதவச் சாத்திக்குங்க. உங்க புள்ளைக்கு ஒன்னும் ஆவாது. மத்தவங்க எல்லாருமே அந்தக் கைக்கு ஓடிப்போற ஆளுதான்."

"நீங்களாவது அவளை நிறுத்துங்கம்மா!"

ஆனால் அவள் குறுக்குப் பாதையில் இறங்கி, பனிக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் ஓடுவதைப் பார்த்ததும் கதிரேசனின் தொடைகள் இறுகின. பாய. அவன் பாறையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகு பைக்கை நிமிர்த்திக் கீழே போகப் பார்த்தான். கால் கியரைத் தொடவில்லை. மேலே திருப்பினான். உடனே தொட்டது.

மருந்தகத்தில் சின்னுசாமி இருந்தார்; காதுகுத்துக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். விருந்து வெற்றிலையின் காவி இன்னும் அவர் உதட்டில் இருந்தது. கதிரேசன் மூச்சிரைக்கச் சொன்னதை முழுசாகக் கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"ஏனுங்க சார், ஊட்டுக்காரம்மா வராங்கன்னா அவனவன் நாட்டுக்கோழி புடிப்பான். நீங்க உங்க கையக் கட்டச் சொல்றீங்க. ஆபீசரக் கட்டிப்போட்டேன்னு நாளைக்கு என் வேலைக்கு ஒலை வெச்சுருவாங்க."

"சின்னுசாமி, கால்ல விழறேன். கட்டுங்க. கதவைப் பூட்டிட்டுச் சாவியக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. பஸ் ஸ்டாப்புல அவங்கள இறங்க விடாதீங்க. அதே பஸ்ல திருப்பி அனுப்பிடுங்க. எனக்குத் தொத்து வியாதின்னு சொல்லுங்க. செத்துட்டேன்னு வேணும்னாலும் சொல்லுங்க."

அவன் முகத்தைப் பார்த்த பிறகு சின்னுசாமி சிரிக்கவில்லை. கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு மணிக்கட்டையும் காயத்துத் துணியால் சேர்த்து, ஜன்னல் கம்பியோடு கட்டினார். சாதாரண முடிச்சு. எந்த வீட்டிலும் போடுகிற முடிச்சு. அதைப் பார்க்கவே கதிரேசனுக்கு நிம்மதியாக இருந்தது.

"பயப்படாதீங்க சார். நான் பாத்துக்கறனுங்க."

கதவு பூட்டிய சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்தது.

மணி நான்குகூட ஆகியிருக்காது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை இருட்டு. மிளகுக்கொடிகளிலிருந்து ஈரம் சொட்டிச் சொட்டி இலைச் சருகில் விழுந்தது. புகை வாடை வந்தது. வியர்வை வாடை வந்தது. அறையின் கோடியில் ஒருவர் புரண்டார். அடுத்தவர். அடுத்தவர். விழித்திருக்கும்போதே, பகலிலேயே அந்த வரிசை தரையில் நகர்ந்து வந்து அவன் கணுக்காலை இழுத்தது. கதிரேசன் காலை இழுத்துக்கொண்டான். வரிசை முழுவதும் புரண்டது.

கட்டுக்குள் அவன் விரல்கள் வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்றுமில்லாத காற்றைச் சுற்றி, புகுத்தி, இழுத்து. சுற்றி, புகுத்தி, இழுத்து.

பஸ் ஹாரன்.

பஸ் நின்றது. இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. யாரோ பேசினார்கள். யாரோ சத்தம் போட்டார்கள். பிறகு எதுவும் கேட்கவில்லை. இன்ஜின் மட்டும். பஸ் பின்னால் வந்து, திரும்பி, கியர் மாறி, இறக்கத்தில் முனகியபடி தேய்ந்து போனது.

போய்விட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

கதிரேசன் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பிழைத்தாள். சுகுணா பிழைத்தாள். இன்னொரு பஸ் பிடித்து முசிறிக்குப் போய்விடுவாள். என்ன திட்டினாலும் சரி. இனி ஜன்மத்துக்கும் பேசாவிட்டாலும் சரி.

சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது.

சின்ன செருப்பு. துள்ளித் துள்ளி வருகிறது. அதற்குப் பின்னால் வேறு கால்கள். துள்ளாதவை. இழுபடுகிறவை.

பூட்டில் சாவி நுழைந்தது. முதல் தரம் திருப்பியதில் திறக்கவில்லை. சாவியை வெளியே எடுத்து, மாற்றிப் போட்டு, மறுபடி.

கதவு திறந்தது.

"அப்பா!"

மோனிஷா புது ஸ்வெட்டர் போட்டிருந்தாள். சுகுணா பின்னி விட்டிருந்த இரட்டைச் சடையும் அவிழ்ந்து, முடி முகமெல்லாம் விழுந்து கிடந்தது. சடையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன்கள் இரண்டும் தலையில் இல்லை.

"அம்மா வாந்தி மாத்திரை போட்டு பஸ்ல தூங்கிருச்சுப்பா. அப்பவே கட்டிட்டேன். இந்த மாமாதான் எங்களத் திரும்பிப் போகச் சொல்லிச்சு. சாவி தரமாட்டேன்னுச்சு."

வாசலில், பனிமூட்டத்தில், சுகுணா நின்றாள். மணிக்கட்டுகள் சேர்ந்திருந்தன. சிவப்பு ரிப்பன் ஒருமுறை மேலே போய், தன்னையே சுற்றி, எங்கோ புகுந்திருந்தது. கைகள் நீலம் பாரித்திருந்தன. அவள் தலை தொங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் சின்னுசாமி. அவர் தலையும்.

"பாப்பா..." கதிரேசன் கம்பியிலிருந்து கையை இழுத்தான். "பாப்பா, வேண்டாம். யாருடா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"தெரியலையேப்பா. கை வந்துச்சு."

அவள் கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். காயத்துத் துணியில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். பரீட்சை எழுதும்போது செய்வதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு, பொறுமையாக, அன்பாக, அதை அவிழ்த்தாள். சிவந்திருந்த அவன் மணிக்கட்டை வாயால் ஊதிவிட்டாள்.

"ரெண்டு ஆள் புடிச்சிட்டேன்ல. ஒன்னு எனக்கு. ஒன்னு உங்களுக்கு. இன்னைக்கு ராத்திரி நம்ம ரெண்டு பேருக்கும் கட்டு இல்லப்பா."

அவன் அவளைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினான்.

"சுகுணா! சுகுணா, என்னைப் பாரு!"

சுகுணாவின் தலை மெல்ல நிமிர்ந்தது. கண்ணில் நீர் வழிந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"அவுத்து விடுங்க..."

அவன் விரல்கள் ரிப்பன்மேல் போயின. அவிழ்க்கத்தான் போயின. அவன் மனசெல்லாம், உயிரெல்லாம் அவிழ்க்கத்தான் சொன்னது. விரல்கள் நுனியைக் கண்டுபிடித்தன. உடனே கண்டுபிடித்தன. சுற்றின. புகுத்தின.

இழுத்தன.

சுகுணாவின் தலை மறுபடி தொங்கியது.

பின்னால் கட்டிலில் மோனிஷா தூங்கிவிட்டிருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு காலையும் எவ்வளவு அகல விரிக்க முடியுமோ அவ்வளவு அகல விரித்து, ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம், தன்னிஷ்டத்துக்குப் புரண்டு புரண்டு படுத்தபடி.